புதுப்பிப்பு: சித்தப்பா படகின் ஷாஃப்ட் ஏன் முறிந்தது?

போன மாதம் எழுதியிருந்தேன்: கடலூர் முதுநகர் துறைமுகத்தில் நிற்கும் சித்தப்பாவின் படகில் 50 மி.மீ. புரொப்பல்லர் ஷாஃப்ட் (என்ஜின் சுழற்சியைப் புரொப்பல்லருக்குக் கொண்டுபோகும் தண்டு) கடலிலேயே முறிந்தது, இரும்பு தரமில்லாததா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரும்பில் தவறு இல்லை.

முறிந்த முகத்தைக் கழுவிப் பார்த்தோம். கிளிஞ்சல் ஓட்டில் இருப்பது போல வரி வரியாகத் தடம். ஒரே அடியில் உடைந்தால் இப்படி வராது. விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. எல்லா வரிகளும் கீவேயின் (ஷாஃப்டில் சாவிக்கட்டை உட்கார வெட்டிய பள்ளம்) ஒரு மூலையிலிருந்தே கிளம்புகின்றன. அந்த மூலை கத்தி போலக் கூர்மையாக வெட்டப்பட்டிருந்தது. முறுக்கு அழுத்தம் அங்கேதான் பல மடங்காகக் குவியும்.

அப்புறம் கணக்கு. என்ஜின் 90 கிலோவாட், கியருக்குப் பின் நிமிடத்துக்கு 600 சுற்று. 9550-ஐ (அலகுகளை மாற்றும் எண்) 90-ஆல் பெருக்கி 600-ஆல் வகுத்தால் முறுக்குவிசை சுமார் 1430 நியூட்டன் மீட்டர். 50 மி.மீ. ஷாஃப்டின் மேற்பரப்பில் 58 மெகாபாஸ்கல் அழுத்தம் வருகிறது. நல்ல எஃகு இதைத் தாங்கும், மூலையில் அது பெருகாத வரை.

புதியது 55 மி.மீ. ஐந்து மில்லியில் என்ன ஆகிவிடும் என்றார் சித்தப்பா. அழுத்தம் விட்டத்தின் மும்மடிக்குத் தலைகீழாக மாறுவதால் 44 மெகாபாஸ்கலுக்கு இறங்கிவிடுகிறது! புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் உருளை), கப்ளிங் (ஷாஃப்டைக் கியரோடு இணைக்கும் பகுதி) துளை எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது, செலவுதான். கீவே மூலைகளை வளைவாக வெட்டச் சொல்லி, லேத் பட்டறையில் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

படகு நேற்று கடலுக்குப் போனது. திரும்பியதும் கப்ளிங் நேராக இருக்கிறதா என்று டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும்.