எதிர்வீட்டு அம்மாவும் ஏதென்ஸ் ஊரும்

அமெரிக்காவில் அட்லாண்டா பக்கம், டாலஸ் பக்கம் இருக்கும் தமிழர்கள் நிறையப் பேர் உங்கள் ஊரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊரைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அலபாமா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஏதென்ஸ். 2020 கணக்கெடுப்பில் சுமார் 25,000 பேர். கிழக்கே அரை மணி நேரம் போனால் ஹன்ட்ஸ்வில். நாசாவின் மார்ஷல் விண்வெளி மையம் அங்கேதான் இருக்கிறது. அதே கணக்கெடுப்பில் பர்மிங்காமை முந்தி, மாநிலத்திலேயே பெரிய நகரமானதும் அதுதான். என் கணவருக்கு வேலை அங்கே. வாடகை கட்டுப்படியானதால் வீடு இங்கே. 72-ஆம் நெடுஞ்சாலையில் காலையில் கிழக்கே போகும்போதும் வெயில் முகத்தில், சாயங்காலம் மேற்கே திரும்பும்போதும் வெயில் முகத்தில். எட்டு வருடமாக அவருக்கு அப்படித்தான்.

குடிவந்த மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மா பெக்கான் கொட்டை போட்டுச் சுட்ட "பை" என்ற இனிப்பை எடுத்துக்கொண்டு வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். உட்கார்ந்ததும் அவர் கேட்ட இரண்டாவது கேள்வி, "எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மதம் மாற்ற வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். "நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். ஹன்ட்ஸ்வில் பக்கம் ஒன்று இருக்கிறது" என்றேன். "நல்லது ஹனி, போக ஒரு இடம் இருந்தால் சரி" என்று சொல்லிவிட்டு, குப்பை வண்டி வரும் கிழமையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஊரில் என் பாட்டி புதிதாக யாரைப் பார்த்தாலும் "நீ யார் வீட்டுப் பெண்?" என்பாள். இந்த அம்மா கேட்டதும் அதுதான் என்று புரியச் சில மாதங்கள் ஆயின.

மூத்தவர்களை இங்கே வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பெயருக்கு முன்னால் ஒரு "மிஸ்" சேர்ப்பார்கள், நாம் அக்கா, அத்தை சேர்க்கிற மாதிரி. என் மகன் பள்ளியில் சேர்ந்த இரண்டாம் வாரமே "யெஸ் மேம்" என்று பதில் சொல்லப் பழகிவிட்டான்.

ஜூலையில் ஒரு நாள் கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்குகிறது. உள்ளே அவர் தோட்டத்து வெண்டைக்காய், விரல் நீளத்தில், பறித்த ஈரம் போகாமல். இந்த ஊர்க்காரர்கள் அதைச் சோளமாவில் புரட்டிப் பொரிப்பார்கள். நான் மோர்க்குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: அவருடைய அப்பா ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு உயரமான டம்ளரில் சோளரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மோரை ஊற்றி, ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுவாராம். மோர் ருசியில் அப்பா ஞாபகம் வந்துவிட்டது என்றார். என் தாத்தா பழைய சோற்றில் மோர் விட்டுச் சாப்பிடுவதை நானும் சொன்னேன். வருடப் பிறப்பன்று இங்கே எல்லா வீட்டிலும் தட்டைப்பயறும் கீரையும் உண்டு, அந்த வருடம் காசு சேரும் என்று நம்பிக்கை. வெண்டைக்காயும் தட்டைப்பயறும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு இந்த மண்ணுக்கு வந்தவை.

அதை எனக்கு முதலில் சொன்னவர் கோர்ட் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கறுப்பினப் பெரியவர். இந்த ஊரில் டிரினிட்டி என்று ஒரு பள்ளி இருந்தது. விடுதலையான கறுப்பின மக்களுக்காக 1865-இல் தொடங்கி 1970 வரை நடந்தது. இவர் அதில் படித்தவர். பக்கத்தில் இருந்த நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் சிலையைக் காட்டி, கதை தெரியுமா என்று கேட்டார். ஸ்காட்ஸ்போரோ வழக்கில் பொய்க் குற்றச்சாட்டில் சிக்கிய ஒன்பது கறுப்பினச் சிறுவர்கள், இளைஞர்களில் ஒருவருக்கு ஜூரி மரண தண்டனை விதித்தது. 1933-இல் ஹார்ட்டன் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். அடுத்த வருடத் தேர்தலில் பதவி போயிற்று. சிலை வைத்தது 2017-இல். "எண்பத்து நான்கு வருடம்" என்றார் பெரியவர், விரலால் பெஞ்சைத் தட்டியபடி.

எல்லாமே இனிமை என்று சொல்லிவிட முடியாது. ஒரு கடையின் வரிசையில் நின்று அம்மாவோடு போனில் தமிழில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்றவர், "இங்கே இங்கிலீஷ் பேசு" என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதிலிருந்து அந்தக் கடைக்கு நான் போவதில்லை. இன்றும் வலிக்கிறது.

அப்புறம் டொர்னேடோ என்கிற சுழற்புயல். ஒரு ஏப்ரல் ராத்திரி சைரன் அலறியது. எங்கள் வீட்டில் தரைக்கடியில் அறை கிடையாது. குளியலறையில் பிள்ளைகளோடு மெத்தையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு உட்காரலாமா என்று யோசிக்கும்போதே எதிர்வீட்டு அம்மாவிடமிருந்து போன் வந்தது. "செருப்பு இல்லை, ஷூ போட்டுக்கொண்டு உடனே வா." அவர் தோட்டத்து மூலையில் பூமிக்கடியில் ஒரு சின்ன இரும்பு அறை. நாங்கள் நாலு பேர், அவர், அவருடைய நாய். முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் 2011 ஏப்ரல் 27 பற்றிச் சொன்னார். அன்று இந்த மாவட்டத்தின் வழியாகச் சூறாவளி போனது. மின்கம்பிப் பாதைகள் சாய்ந்து, பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையமே நின்றுபோனது. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரீசரில் இருந்த கறியெல்லாம் கெடுவதற்குள் தெருவில் அடுப்பு மூட்டி எல்லாருக்கும் சுட்டுப் போட்டார்களாம். ஷூ எதற்கு என்றும் சொன்னார்: வீடு போனால் ஆணிமேலும் கண்ணாடிமேலும் நடந்துதான் வெளியே வரவேண்டும். இப்போது என் பிள்ளைகளின் பழைய ஷூக்கள் படுக்கைக்குக் கீழேயே இருக்கின்றன.

2023-இல், வடக்கே டென்னசி மாநில எல்லையை ஒட்டிய ஆர்ட்மோர் பக்கம் 65-ஆம் நெடுஞ்சாலையோரம் காட்சிக்கு நின்ற நாசாவின் சாட்டர்ன் ராக்கெட்டைப் பிரிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. 168 அடி உயரம். 1979-இலிருந்து நின்றது, டென்னசியிலிருந்து வருபவர்களுக்கு அலபாமா வந்துவிட்டது என்பதற்கு அடையாளமே அதுதான். துருப்பிடித்துப் பழுதுபார்க்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா என்னிடம் வந்து, ஒரு தடவை கூட்டிக்கொண்டு போகிறாயா என்று கேட்டார். இறந்துபோன அவருடைய கணவர் ஹன்ட்ஸ்வில்லில் வெல்டராக இருந்தவர். ராக்கெட் சோதனைக்கான வேலைகளில் அவர் கையும் இருந்ததாம்.

வடக்கே போய், டென்னசி எல்லையைத் தாண்டி முதல் எக்ஸிட்டில் திரும்பித் தெற்கே வந்தோம். மரங்களுக்கு மேலே வெள்ளையும் கறுப்புமாக எழுந்து நின்றது. வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். அவர் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டாத குறையாகப் பார்த்தார். தாண்டிப் போன பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை போகலாமா, ஹனி?"

அடுத்த எக்ஸிட்டில் வண்டியைத் திருப்பினேன்.