பாலத்தை அடைத்ததும் ஆட்டம் சப்பென்று ஆகிவிடுகிறது: ராமேஸ்வரம் தீவு ஜாம்பி சீட்டு விளையாட்டுக்கு யோசனை வேண்டும்

பாம்பன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். கோடாட் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் ஒரு சீட்டு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். களம் நம் ராமேஸ்வரம் தீவு. மண்டபம் பக்கம் தொற்று பரவி ஜாம்பிகள் கிளம்புகின்றன, தீவில் இருப்பவர்கள் 30 நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். ஸ்லே தி ஸ்பையர் என்ற கணினிச் சீட்டு விளையாட்டை ஆடியவர்களுக்கு அடிப்படை உடனே பிடிபடும். நாளுக்கு 5 சீட்டு கைக்கு வரும், செலவழிக்க 3 தெம்பு. நாள் முடிந்தால் எல்லாம் கழிவுக் கட்டுக்குப் போகும், எடுக்கும் கட்டு தீர்ந்தால் கலைத்து மறுபடி அடுக்கலாம்.

ஜாம்பி என்றாலே ஏதோ அமெரிக்க ஊரும் சூப்பர் மார்க்கெட்டும்தான் வருகின்றன. எனக்கு அது வேண்டாம். நான் தினம் பார்க்கிற இடத்தில் ஆட்டம் நடக்க வேண்டும் என்றுதான் இதையே தொடங்கினேன். அதனால் ரயில் பாலமும் ரோட்டுப் பாலமும் தனித்தனிச் சீட்டு. 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தில் நடுப்பகுதி நேராக மேலே ஏறும். ஆகவே 'தூக்கு' என்று ஒரே சீட்டு போதும். 1988-இல் திறந்த ரோட்டுப் பாலத்தைத் தூக்க முடியாது. கப்பல் அடியில் போகும்படி நடுவில் உயர்ந்து நிற்கிறது. அதை அடைக்க மூன்று 'வண்டி' சீட்டைச் சேர்த்து இறக்க வேண்டும்.

ஆடிப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வழியில்தான் போகிறார்கள். முதல் வாரத்திலேயே இரண்டையும் அடைத்துவிட்டு, அப்புறம் கருவாடும் அரிசியும் சேர்த்துக்கொண்டு நாளைத் தள்ளுகிறார்கள். பாலச் சீட்டுக்குத் தெம்பைக் கூட்டினேன், வண்டிச் சீட்டைக் குறைத்தேன். அடைக்க நாள் கூடுகிறதே தவிர, அடைத்தபின் அதே சப்பைதான். ஜாம்பியைக் கடலுக்கடியில் நடக்க விடச் சொல்கிறான் என் தம்பி. அதில் எனக்கு மனமில்லை. அப்படிச் செய்தால் தீவு எதற்கு? அடைத்த பிறகும் ஆட்டம் உயிரோடு இருக்க ஒரு வழி சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்தான்:

தம்பி, பாலத்தை அடைப்பது நல்ல புத்திதான். அடைக்கிறவனைத் தண்டிக்காதீர்கள். அடைத்த நாளிலிருந்து என்னவெல்லாம் வராது என்று பாருங்கள். அரிசி, காய்கறி, டீசல், மருந்து. 'வெளிச் சரக்கு' என்று ஒரு கட்டு வையுங்கள். ரோடு திறந்திருக்கும்வரை நாளுக்கு ஒரு சீட்டு எடுக்கலாம், அடைத்தால் அந்தக் கட்டே மேசையை விட்டுப் போகட்டும்.

அடுத்தது தண்ணீர். உங்கள் ஆட்டம் இதில்தான் இருக்கிறது என்பேன். தனுஷ்கோடிப் பக்கம் மணலைத் தோண்டி ஊற்றில் இறைப்பார்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும், ஊற்றிலோ நல்ல தண்ணீர். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே தங்கி நிற்கிறது. ஆத்திரப்பட்டு ஆழத் தோண்டி இறைத்துக்கொண்டே இருந்தால் கீழே கிடக்கிற உப்பு மேலேறிவிடும். அப்புறம் அது மாற மழைதான் வேண்டும். இதை அப்படியே சீட்டாக்கலாம். 'ஊற்று' இறக்கினால் இரண்டு குடம். இன்னொரு தெம்பு போட்டால் நாலு குடம், ஆனால் அந்தச் சீட்டு 'உப்பு' என்று புரண்டுவிடும். மழை வரும்வரை ஒன்றுக்கும் உதவாமல் கையில் வந்து வந்து இடத்தை அடைக்கும். ஆள் கூடக் கூட அந்த நாலு குடத்தின் மேல்தான் கண் போகும்.

காற்றையும் விட்டுவிடாதீர்கள். வாடையடிக்கும் மாதங்களில் வடகடலான பாக் நீரிணைப் பக்கம் கலங்கும், தென்கடலான மன்னார் வளைகுடா சும்மா கிடக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலத்தில் தலைகீழ். சுக்கான் பிடிக்க ஆளில்லாமல், உள்ளே தொற்றுப் பிடித்தவர்களோடு ஒரு படகு மிதந்து வரட்டும். வாடையில் அது வடகரையில் ஒதுங்கும், கச்சானில் தென்கரையில். அப்போது கலங்கிய கரையில் காவலுக்கு ஆள் வேண்டும், அமைதியான கரையில் மீனுக்கு ஆள் வேண்டும். 3 தெம்பு எங்கே போதும்?

கீழக்கரை சீட்டுக்காரி:

அண்ணன் சொன்ன காற்றை மறைக்காதீர்கள். ஸ்லே தி ஸ்பையரில் எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதைத் தலைக்கு மேலே காட்டிவிடுவார்கள். தெரிந்தும் தடுக்க முடியாமல் தவிப்பதில்தான் அந்த விளையாட்டே நிற்கிறது. அடுத்த 3 நாள் காற்றைத் திறந்து வையுங்கள்.

எனக்கு உங்களிடம் வேறொன்று கேட்க வேண்டும். தப்பி வருகிறவர்களை என்ன செய்கிறீர்கள்? ஒவ்வொரு ஆளும் ஒரு சீட்டாகக் கட்டில் சேரட்டும். 10 சீட்டுக் கட்டில் 2 ஊற்று இருந்தால், கைக்கு வரும் 5-இல் ஒன்றாவது ஊற்றாக இருக்க 78 சதவீத வாய்ப்பு. அதே 2 ஊற்றோடு கட்டு 20 ஆகிவிட்டால் 45 சதவீதம்தான். அதாவது நீங்கள் காப்பாற்றிய ஒவ்வொருவரும் தண்ணீரைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறார். யாரையும் கெட்டவராக்காமல் பாலத்தை அடைப்பதா வேண்டாமா என்ற கேள்வி தானாகவே கனத்துவிடும்.

கட்டை மெலிய வைப்பதற்கு மற்ற விளையாட்டுகளில் தயக்கமே இல்லை. 2008-இல் வந்த டொமினியன் என்ற சீட்டு விளையாட்டில் சேப்பல் என்ற சீட்டை இறக்கினால் 4 சீட்டு வரை குப்பைக்குப் போகும். ஸ்பையரில் கடைக்காரரிடம் 75 காசு கொடுத்தால் ஒன்றை நீக்கலாம், அடுத்த முறை 25 கூடும். உங்கள் கட்டில் இருப்பதோ மனிதர்கள். அவர்களை அப்படி நீக்கவே கூடாது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றனவே. குருசடைக்கோ முயல் தீவுக்கோ அனுப்பிவைக்கலாம். கட்டு மெலியும், ஆனால் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கடமை தொடரும். தென்கடல் கலங்கும் நாளில் படகு போகாது.

இன்னொன்று, ஸ்பையரில் 'காயம்' சீட்டு சண்டை முடிந்ததும் மறைந்துவிடும். உங்களுடையதில் மருந்து வரும்வரை இருக்கட்டும்.

பாம்பன்வாசி:

அக்கா, ஆட்களைத் தீவுக்கு அனுப்புவது மனதில் உட்கார்ந்துவிட்டது. நீக்கும் பொத்தானை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன். ஊற்றும் உப்பும் முதலில் எழுதுவேன். அண்ணே, ஒரு சந்தேகம். ஆட்டத்தை எந்த மாதத்தில் தொடங்கலாம்? மாதம் மாறினால் காற்று மாறும், மழையும் மாறும்.

தங்கச்சிமடத்தான்:

இரண்டு தொடக்கம் வையுங்கள். கடினமானது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள், நாட்டுப்படகு மட்டும்தான் ஓடும். வெயில் காலம், மழைக்கு நம்பிக்கை இல்லை. ஒரு ஊற்று உப்பானால் ஆனதுதான்.

மற்றது வாடைக் காலத்தில் ஒரு தொழில் நாள், அதாவது மீன்பிடிக்கப் போகிற நாள். விசைப்படகுகள் போய்விட்டன, இரவு கடலில் இருக்கின்றன. அன்றிரவு ஊருக்குள் தொற்று நுழைகிறது. விடிந்ததும் படகுகள் திரும்புகின்றன, அதில் இருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்களைக் கரைக்குக் கூப்பிடுவதா, தள்ளியே நங்கூரம் போடச் சொல்வதா? டீசலும் ஐஸும் எத்தனை நாளைக்கு வரும்? அந்த முடிவை ஆடுகிறவர்தான் எடுக்க வேண்டும், இரண்டாம் நாளிலேயே.

கீழக்கரை சீட்டுக்காரி:

அந்தத் தொடக்கத்தில் கரையில் நிற்கிற பெண்களுக்கும் சீட்டு வேண்டும் தம்பி. கடல்பாசி எடுக்கப் போகிறவர்களுக்கு அந்தத் தீவுகளைச் சுற்றி எங்கே பார் (கடலடிப் பாறை) இருக்கிறது, எங்கே இறங்கி நடக்கலாம் என்பதெல்லாம் அத்துப்படி. 'பாசிக்காரி' கையில் இருந்தால் தீவுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு தெம்பு குறையட்டும். வாடைத் தொடக்கம் தயாரானதும் இங்கேயே போடுங்கள், முதலில் நான் ஆடிப் பார்த்துச் சொல்கிறேன்.