தீவு என்றால் எந்தப் பக்கம், கண்ணு?

வெளியூரில் போய்ச் சொந்த ஊரை அறிமுகம் செய்த அனுபவங்களை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். என் ஊர் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே, பாக்கு நீரிணையில், ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர். குறிகட்டுவான் துறையில் படகு ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். 1990-ல் சண்டை முற்றியபோது வீட்டார் என்னையும் தூக்கிக்கொண்டு ராமேஸ்வரம் கரையில் இறங்கினார்கள். மண்டபம் முகாம், பிறகு பவானிசாகர் முகாம். இப்போது கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன்.

கொங்குநாட்டில் யாரும் பெயரைக் கேட்டு நிறுத்துவதில்லை. எந்த ஊர், தோட்டமா காடா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, குலதெய்வம் எது என்று வரிசையாக வரும். நடுவில் "எந்தக் கூட்டம்?" என்றும் ஒன்று வரும். அது சாதியையும் குலத்தையும் தேடுகிற கேள்வி என்று எனக்குத் தெரியும் என்பதால், குலதெய்வத்தைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிவிடுவேன். எங்கள் குடும்பத்துக்கு வைரவர். கோபுரம் கிடையாது, மரத்தடியில் ஒரு சூலம், அவ்வளவுதான். இதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதே இல்லை. "எங்கள் கருப்பணசாமிக்கும் வேல்தான்" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

சிக்கல் தீவில்தான். வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது வீட்டுக்கார ஆத்தா, "தீவு என்றால் எந்தப் பக்கம், கண்ணு? அணைக்குள் தெரியுமே, திட்டு, அது மாதிரியா?" என்று கேட்டார். பவானிசாகர் அணையில் தண்ணீர் வற்றும்போது எழும்பும் மேட்டைத்தான் சொன்னார். சுற்றிலும் உப்புத் தண்ணீர், குடிக்க முடியாது என்றேன். "அவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒரு வாய் குடிக்க முடியாதா?" அதற்குமேல் அவர் என்னிடம் முன்பணம் பற்றிப் பேசவே சிறிது நேரம் ஆயிற்று.

செய்தித்தாள் படிக்கிறவர்களிடம் வேறு தொல்லை. "நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது" என்ற தலைப்பை அவர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பெயர் அவர்களுக்கு ஊராகவே தெரியாது, சம்பவம் நடக்கும் இடமாகத்தான் தெரியும். கச்சத்தீவுக்குப் பக்கம் என்றால் இன்னும் மோசம். நிர்வாகத்தில் கச்சத்தீவு எங்கள் நெடுந்தீவுப் பிரதேசத்தோடு சேர்ந்தது என்பது உண்மைதான். ஆனால் தேநீர்க் கடையில் அதைச் சொன்னால் 1974 ஒப்பந்தம் வந்துவிடும்; யார் கொடுத்தது, யார் தடுத்திருக்க வேண்டும் என்று மேசை இரண்டாகப் பிரிந்துவிடும். என் ஊர் எங்கேயோ போய்விடும், தேநீருக்கு நான் காசு கொடுத்துவிட்டு வருவேன்.

மூன்றாவது வகை, "ஐயோ பாவம்" என்று தொடங்குகிறவர்கள். நல்லவர்கள்தான். போரைச் சொல்லு, படகைச் சொல்லு, யார் யார் செத்தார்கள் சொல்லு என்பார்கள். சொல்ல வேண்டியது இருக்கிறது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வந்தவர்களை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள், குழந்தைகள் உட்பட. எங்கள் ஊரில் அந்தத் தேதியைத் தெரியாத வீடு இல்லை. ஆனால் முதல் பேச்சிலேயே ஒருவருக்கு அதைக் கொடுத்தால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் விலை பேச மாட்டார், சண்டை போட மாட்டார், கல்யாணத்துக்குக் கூப்பிடவும் தயங்குவார். அதனால் அதைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். முதலில் கல்வேலி, பிறகு குதிரை, மற்றது கேட்டால்.

கல்வேலியைக் காங்கேயம் பக்கத்து ஆட்களிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் காணிக்குக் காணி முருகைக்கல்லை அடுக்கிய வேலிதான். சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. கடலில் விளைந்த கல், ஓட்டை ஓட்டையாக இருக்கும்; ஒன்றின் மூக்கு மற்றதன் குழியில் உட்காரும்படி திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள். என் அப்பப்பா ஒரு கல்லை ஐந்தாறு முறை திருப்புவாராம். சரியாக உட்காராத கல்லை வைத்துவிட்டுப் போனால், மாடு உரசிய அன்றைக்கே அது கீழே கிடக்குமாம். காங்கேயத்துக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுத் தன் கொறங்காட்டுக்கே, அதாவது மேய்ச்சல் நிலத்துக்கே, கூட்டிப்போய் முள்கிளுவை வேலியைக் காட்டினார். கொம்பை நட்டால் அதுவே உயிர்வேலியாகத் தழைத்துக்கொள்ளும். உள்ளே கொழுக்கட்டைப் புல். மேய்ப்பவன் இல்லாமல் மாடு தன்பாட்டில் மேய்கிறது. அவருக்கு என் கல்வேலியில் ஒரே ஒரு குறை: "வேலி தழைக்காவிட்டால் ஆட்டுக்கு என்ன ஒடித்துப் போடுவீர்கள்?"

குதிரைக் கதை அந்தியூரில் நடந்தது. ஆடியில் குருநாதசுவாமி கோயில் பண்டிகைக்குச் சந்தை கூடுமல்லவா, குதிரைகள் கட்டியிருக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் ஒரு குதிரையின் உதட்டைப் பிரித்துப் பல் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரிலும் குதிரை உண்டு, ஆனால் விலை கிடையாது என்று சும்மா சொன்னேன். கையை எடுத்துவிட்டார்.

"விலை இல்லாமல் எப்படி?"

யாருக்கும் சொந்தமில்லை என்றேன். போர்த்துக்கீசியர் காலத்தில் வந்தவை, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் பெருகியவை என்பார்கள். அந்த ஒல்லாந்தர்தான் தங்கள் ஊர்ப் பெயரைத் தூக்கி எங்கள் தீவுக்கு டெல்ஃப்ட் என்று வைத்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், கோட்டை இடிந்து கிடக்கிறது, குதிரைகள் மட்டும் வெட்டவெளியில் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. குள்ளமாக, மட்டக்குதிரையாக இருக்கும்.

"லாடம்?"

யாரும் அடிப்பதில்லை.

"சரி, தண்ணீர் யார் காட்டுகிறார்கள்?"

அதுவரை என்னிடம் யாருமே கேட்காத கேள்வி. உண்மையில் அந்தக் குதிரைகளின் பாடே அதுதான். கோடையில் குட்டைகள் வற்றிவிடும், கிணறுகள் உவர்த்துப்போகும், குதிரைகள் தாகத்தில் சாகும். ஊருக்குத் திரும்பிப்போன என் சித்தி ஒரு வறட்சியில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள்: தொட்டியைச் சுற்றிக் குதிரைகள், விலா எலும்பை எண்ணிவிடலாம். அதை அவரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஊர்க்காரர்களைத் திட்டினார், என்னையும் சேர்த்து. எனக்கு அது பிடித்திருந்தது.

திருப்பூரிலிருந்து ஒருவர் எழுதியது

நான் பாம்பன் தீவு, தங்கச்சிமடம். பனியன் கம்பெனிக்கு வந்தவன். ராமேஸ்வரம் பக்கம் என்றதும் இங்கே கையெடுத்துக் கும்பிடாத குறைதான். "22 தீர்த்தமும் தினம் ஆடுவீர்களா?" என்று கேட்ட மேஸ்திரியிடம், நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற மீனவக் குடும்பம் என்றேன். நம்பவில்லை, ஏமாற்றுகிறேன் என்றே முடிவு கட்டிவிட்டார். என் தாத்தா தனுஷ்கோடிக்காரர்; 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தங்கச்சிமடத்தில் குடியேறியவர். 1988-ல் சாலைப் பாலம் திறக்கும்வரை கரைக்கு வர ரயிலை விட்டால் படகுதான் என்று சொன்னால், "அப்போது பால் வண்டி எப்படி வரும்?" என்று கேட்கிறார்கள். சொந்தமாக மாடு வைத்திருக்கிற ஊர்க்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் பால்தான் முன்னால் நிற்கிறது. அக்கா, உங்கள் ஊர்க் குதிரையைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். கடலில் அந்தப் பக்க வெளிச்சம் தெரியும் என்று என் அப்பா சொல்வார்.

என் பதில்

தங்கச்சிமடத்துத் தம்பி, உங்களிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு உங்கள் வீட்டில் யாராவது போவார்களா? சித்தி நெடுந்தீவிலிருந்து ஒவ்வொரு தடவையும் போகிறாள். என்னால் போக முடியாது. அவளுக்கென்று சென்னிமலைப் போர்வை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பையில் ஒரு போர்வை வைத்திருந்தால் படகு ஏறும் இடத்தில் சோதனையில் விடுவார்களா? கேட்டுச் சொல்லுங்கள்.