தேசிய அல்டிமேட் போட்டி: ஆடிக்கொண்டே வேலையும் பார்க்க முடியுமா?

பீச்சோரம்:
அல்டிமேட் ஃபிரிஸ்பீ (தட்டு மாதிரி டிஸ்க்கை எறிந்து பிடித்து ஆடும் டீம் ஆட்டம்) ஆடுகிறவர்கள் இங்கே இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். திருவான்மியூர் பீச்சில் மணலில் ஆடிப் பழகியவன் நான், புல்தரைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. மிக்ஸட் (ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும்) தேசியப் போட்டி இந்த முறை சென்னையில், எங்கள் டீம் ரோஸ்டரில் என் பெயரும் இருக்கிறது. உள்ளூர் டீம்கள்தான் போட்டியை நடத்தும் வேலைக்கு ஆள் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், எங்கள் கேப்டன் யோசிக்காமல் என்னைக் கைகாட்டிவிட்டார். ஆடிக்கொண்டே இதையும் பார்க்க முடியுமா? எந்த வேலையைக் கேட்டு வாங்கலாம், எதன் பக்கமே போகக்கூடாது? "ரெஃப்ரீயே இல்லாத ஆட்டத்துக்கு எதுக்குடா இத்தனை ஆளு" என்று அப்பா வேறு கேட்கிறார்.

சுண்ணாம்புக்கோடு:
முடியும் தம்பி. முதல் மேட்ச்சுக்கு முன்னாடியே முடிந்துவிடுகிற வேலையாகப் பார்த்துப் பிடித்துக்கொள். அதாவது கிரவுண்டு போடுவது. விடிவதற்கு முன் போக வேண்டும், அவ்வளவுதான் கஷ்டம், அப்புறம் நாள் முழுக்க உன் டீமோடு இருக்கலாம்.

நீளம் 100 மீட்டர், அகலம் 37. இரண்டு முனையிலும் 18 மீட்டர் எண்ட் ஸோன் (இதற்குள் டிஸ்க்கைப் பிடித்தால்தான் பாயிண்டு) போக நடுவில் 64. நாலு பக்கமும் டேப் பிடித்து அளந்துவிட்டால் சரியாக வந்துவிடும் என்றுதான் புதிதாக வருகிற எல்லோரும் நினைப்பார்கள், வராது, கட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நடுக்கட்டத்தில் மூலைக்கு மூலை இழுத்துப் பார், 73.93 மீட்டர் வர வேண்டும், எதிர் மூலையிலிருந்து இழுத்தாலும் அதே அளவு வந்தால்தான் கோடு நேர். வரிசையாக நாலு கிரவுண்டு போடும்போது முதல் கிரவுண்டில் இதைப் பார்க்காமல் விட்டால் நாலாவதில் சைடு லைன் வேலிக்குள் போய் நிற்கும். எட்டு கோனும் வைத்து, கயிறு கட்டி, அதற்குப் பிறகுதான் சுண்ணாம்பு. எண்ட் ஸோன் தொடங்கும் கோல் லைனிலிருந்து நடுக்கட்டத்துக்குள் 18 மீட்டர் தள்ளி, நடுவில் பிரிக் மார்க் (தொடக்க எறி கோட்டுக்கு வெளியே போனால் ஆட்டத்தைத் தொடங்கும் புள்ளி) உண்டு, அதைப் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். சுண்ணாம்புக் கையோடு கண்ணைக் கசக்காதே.

ஷெட்யூல் டேபிள் பக்கம் மட்டும் போகாதே. கேப் ஹாரன், அதாவது நேரம் முடிந்தது என்று சொல்லும் ஹாரன், அடிப்பது அங்கேதான். ஹாரன் அடித்ததும் ஆட்டம் நிற்காது, ஓடுகிற பாயிண்டை முடித்துவிட்டு, கூடுதலாக எடுத்திருக்கும் டீமின் ஸ்கோரோடு ஒன்று சேர்த்து அதுவரை ஆட வேண்டும். இதைப் புரியாத டீம்கள் நேராக டேபிளுக்குத்தான் வரும், நீ அந்த நேரம் ஸ்டட்ஸ் மாட்டிக்கொண்டிருப்பாய்.

ஸ்பிரிட்_ஷீட்:
அண்ணா சொன்னது சரி. அப்பா கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ரெஃப்ரீ இல்லாததால்தான் தம்பி இத்தனை ஆள். ஃபவுலை ஆடுகிறவர்களே கூப்பிட்டு அவர்களே பேசி முடித்துக்கொள்கிறார்கள், சரி, அது ஒழுங்காக நடந்ததா என்பதற்கு மேட்ச் முடிந்ததும் ஒவ்வொரு டீமும் எதிர் டீமுக்கு ஸ்பிரிட் மார்க் போட வேண்டும். விதிகள் தெரிந்து ஆடியது, உடம்பில் மோதாமல் ஆடியது, நியாயம், நடத்தை, பேச்சு என்று ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. 2 என்றால் ஒழுங்கான ஆட்டம் என்று அர்த்தம். இருபதுக்குப் பத்து வாங்கிய டீம், ஏதோ அரியர் விழுந்த மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரும், அவர்களுக்கு இதை நாள் முழுக்க விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தலைவலி ஷீட்டை வாங்குவது. தோற்ற டீம் நேராக நிழலுக்குப் போய்விடும், ஜெயித்த டீம் போட்டோவுக்குப் போய்விடும். ஸ்பிரிட் சர்க்கிள் (மேட்ச் முடிந்ததும் இரண்டு டீமும் சேர்ந்து நிற்கும் வட்டம்) கலையும் முன்பே கையில் வாங்கிவிடு, இல்லையென்றால் ராத்திரி வாட்ஸப்பில் கெஞ்ச வேண்டியதுதான். இந்த வேலையை நீ செய்யலாம், ஆனால் உன் டீம் ஆடும் குரூப்பில் இருக்கிற டீம்களின் ஷீட்டைத் தொடாதே. நீ ஒன்றும் மாற்றி எழுத மாட்டாய், ஆனாலும் பேச்சு வரும்.

மெஜஸ்டிக்_பிளாட்பாரம்:
பெங்களூரிலிருந்து ஆட வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். கோடு கொஞ்சம் கோணினால்கூட ஆடிவிடுவோம். மிக்ஸட்டில் களத்தில் இருக்கும் ஏழு பேரில் மூன்று அல்லது நாலு பேர் பெண்கள், அப்படியானால் மொத்தப் போட்டிக்கு எத்தனை பெண்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாத ஒரே ஒரு டாய்லெட், உடை மாற்ற ஜமுக்காளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தோழி, இந்த நிலைமையில் எல்லாம் நாங்கள் ஆடியிருக்கிறோம். வேலை கேட்கப் போகிறாய் என்றால் முதலில் இதை யார் பார்க்கிறார்கள் என்று கேள், யாரும் இல்லை என்றால் நீயே எடு. தாழ்ப்பாள், பக்கெட், மக், குப்பைத்தொட்டி. பெரிய செலவே இல்லை.

அப்புறம் தண்ணீர். கேன்களை டேபிள் பக்கத்தில் மொத்தமாக அடுக்கி வைக்காமல் ஒவ்வொரு சைடு லைனுக்கும் கொண்டுபோய் வையுங்கள். சென்னை வெயிலில் பாயிண்டுக்குப் பாயிண்டு குடிக்க வேண்டியிருக்கிறது. காலையில் பொங்கல் வேண்டாம், ப்ளீஸ். எட்டு மணி மேட்ச்சில், டிஸ்க்கை எறிந்து ஆட்டத்தை நகர்த்த வேண்டிய ஹேண்ட்லரே கொட்டாவி விடுவார். இட்லியும் வாழைப்பழமும் போதும்.

பீச்சோரம்:
நன்றி அக்கா, அண்ணா. கிரவுண்டும் டாய்லெட்டும் எனக்கு என்று சொல்லிவிட்டேன், யாரும் போட்டிக்கு வரவில்லை :) இன்னொன்று. சூரத், டெல்லி டீம்களோடு ஆடும்போது ஃபவுல் வந்தால் எந்த மொழியில் பேசுவது? எனக்கு இந்தி வராது.

ஸ்பிரிட்_ஷீட்:
ஃபவுல், பிக் (ஓடும் வழியில் இன்னொருவர் குறுக்கே வந்து மறிப்பது), டிராவல் (டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு கால் நகர்த்துவது), கன்டெஸ்ட் (ஒத்துக்கொள்ள மாட்டேன் என்பது), இந்த வார்த்தைகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான், ஒவ்வொன்றுக்கும் கை சைகையும் இருக்கிறது, முதல் மேட்ச்சுக்கு முன் பழகிக்கொள். டிஸ்க்கைப் பிடிக்கப் போகும்போது உன்னை இடித்துவிட்டார்கள் என்று நீ கூப்பிட்டு, அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டிஸ்க் எறிந்தவர் கைக்கே திரும்பப் போகும். அதற்கு மேல் பேச வேண்டியிருந்தால் உங்கள் ஸ்பிரிட் கேப்டனை, அதாவது டீமில் ஸ்பிரிட் விஷயங்களைப் பார்ப்பவரைக் கூப்பிடு.