மறுமொழி: ‘பாக்டீரியா எதிர்ப்பு மரபணு’ சரியான சொல்லா?

வணக்கம்.

> ‘பாக்டீரியா எதிர்ப்பு மரபணு’ என்று போட்டால் போதாதா? ஏன் இத்தனை சுற்று?

போதாது ஐயா. பாக்டீரியா நோயை எதிர்க்க மரத்துக்குள் இருக்கும் மரபணுவுக்குத்தானே நாம் தமிழ்ச்சொல் தேடுகிறோம்? இந்தத் தொடரை இரண்டு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். மருத்துவம் படித்தவர், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவுக்குள் இருக்கும் மரபணு என்று எடுத்துக்கொள்வார். மரம் வளர்ப்பவர், பாக்டீரியாவை எதிர்க்க மரத்துக்குள் இருக்கும் மரபணு என்பார். இலக்கணப்படி இரண்டும் சரிதான். பாக்டீரியாவினது எதிர்ப்பா, பாக்டீரியாவை எதிர்ப்பதா என்று சொல்ல வேண்டிய உருபு தொகைக்குள் மறைந்துவிட்டதே!

கிருமியின் பெயரை எடுத்துவிட்டு நோயின் பெயரை வைத்தால் குழப்பம் தீரும். வாடல் நோய் மரத்துக்குத்தானே வரும்? ‘வாடல் எதிர்ப்பு மரபணு’ அல்லது வினைத்தொகையாக ‘வாடலெதிர் மரபணு’. பூஞ்சையாலும் வாடல் வருவதால் கட்டுரையில் முதல்முறை மட்டும் ‘பாக்டீரியா வாடல்’ என்று முழுதாக எழுதிவிடலாம்.

> ‘எதிர்ப்பு’ எல்லா இடத்திலும் தேய்ந்துவிட்டது. மின்தடை போல ‘நோய்த்தடை’ என்று வைக்கலாமே?

மின்தடை என்றதும் எனக்கு இயற்பியல் ஞாபகம் வரவில்லை, கரண்ட் போனதுதான் ஞாபகம் வருகிறது. அதை விடுங்கள். தடை என்றால் யாரோ வெளியிலிருந்து போட்டது என்ற தொனி வந்துவிடுகிறது. ‘நோய்த்தடை மரபணு’ என்றால் மரத்துக்கே பிறவியில் வாய்த்தது என்று தோன்றுமா? எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் நம் விவாத இழையில் யாரும் தொடாத சிக்கல் ஒன்று உண்டு. தைலமரத்தையும் சவுக்கையும் தாக்கும் ரால்ஸ்டோனியா சொலனாசியேரம் என்ற வாடல் பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். மண்ணிலிருந்து வேர்க்காயம் வழியாக நுழைந்து, நீரை மேலே கொண்டுபோகும் சைலக் குழாயில் பெருகும். அது சுரக்கும் கோழை குழாயை அடைக்க, மரம் பச்சை இலையோடேயே துவண்டுவிடும். நோயுற்ற தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்தினால் வெட்டுவாயிலிருந்து பால்நிற இழை இறங்கும். அது பாக்டீரியாக் கூட்டம்.

இப்போது வாடாமல் நிற்கும் மரங்களைப் பாருங்கள். ஒன்று, கிருமியை வேரிலேயே மடக்கிவிட்ட மரம். இன்னொன்று, தண்டு வரை கிருமியை ஏறவிட்டு, அது உள்ளே பெருகினாலும் வாடாமல் நிற்கும் மரம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தோட்டக்காரருக்கு அப்படி இல்லை. இரண்டாவது மரத்தைத் தாய்மரமாக வைத்துக் கிளைத்துண்டு எடுத்துக் குளோன் நாற்று போட்டால், நாற்றோடு கிருமியும் புது மண்ணுக்குப் போய்ச் சேரும். இரண்டையும் ‘எதிர்ப்புத்திறன் கொண்டது’ என்று எழுதுவது வெறும் சொல் பிழையாக நிற்காது.

இரண்டாவதற்கு என்ன சொல்? ‘சகிப்புத்தன்மை’ என்று சிலர் எழுதுகிறார்கள். மரம் மதநல்லிணக்கக் கூட்டத்துக்கா போகிறது? ‘தாங்குதிறன்’ பரவாயில்லை, வறட்சியைத் தாங்கும் ரகம் என்று ஏற்கெனவே புழங்குகிறது. ஆனால் ‘நோயைத் தாங்கும்’ என்றால் ‘நோய் வராது’ என்றே பலர் படிக்கிறார்கள். நான் முன்வைப்பது ‘நோய்ப்பொறை’. பொறை என்றால் பொறுமை, சுமை என்று இரு பொருளும் உண்டு. மரம் பொறுத்துக்கொள்கிறது, கூடவே சுமக்கவும் செய்கிறது. எச்சரிக்கை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பழைய சொல், யாருக்கும் புரியாது என்பீர்கள். புரியாததே இங்கே ஒரு வகையில் நல்லது. தெரிந்த சொல்லாக நினைத்துத் தப்பாகப் படிப்பதைவிட, நின்று ‘இது என்ன’ என்று கேட்பது மேல்.

எல்லை எப்போதும் துல்லியமாக இராது, ஒப்புக்கொள்கிறேன். ஹவாய் 7996 என்ற தக்காளி வகையின் தண்டில், வாடல் அறிகுறி இல்லாமலேயே இந்தப் பாக்டீரியா இருப்பதுண்டு. ஆனாலும் அதை எதிர்ப்பு வகை என்றே ஆய்வுகளில் குறிக்கிறார்கள், ஏனென்றால் கிருமியின் பரவலை அது நன்றாகவே மட்டுப்படுத்துகிறது. அதனால் அளவுகோலைச் சொல்லோடு கட்டிவிடலாம்: கிருமி குறைந்தால் எதிர்ப்பு, கிருமி குறையாமல் பாதிப்பு மட்டும் குறைந்தால் பொறை.

கடைசியாக, ‘செங்குத்து எதிர்ப்பு, கிடை எதிர்ப்பு’ பற்றிக் கேட்டிருந்தவருக்கு. தயவுசெய்து அப்படியே பெயர்க்க வேண்டாம். தென்னாப்பிரிக்க அறிவியலாளர் வாண்டர்பிளாங்க், கிருமியின் ஒவ்வொரு இனத்துக்கும் (ஒரே கிருமிக்குள் இருக்கும் உட்பிரிவுக்கும்) ஒரு பட்டை வீதம் வரைந்து காட்டிய படத்தை ஒட்டி அமைந்த பெயர்கள் அவை. சில இனங்களை மட்டும் தடுத்தால் பட்டைகள் ஏறியிறங்கி நிற்கும், எல்லா இனத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் மட்டுப்படுத்தினால் மேல்விளிம்பு சமமாக ஓடும். படம் இல்லாமல் தமிழில் ‘செங்குத்து’ என்றால் ஒன்றும் விளங்காது. ‘இனஞ்சார் எதிர்ப்பு’, ‘இனஞ்சாரா எதிர்ப்பு’ போதும். ‘செங்குத்து எதிர்ப்பு’க்குப் பதில் ‘ஒருமரபணு எதிர்ப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் செடியில் ரால்ஸ்டோனியாவின் பாப்-பி2 புரதத்தை அடையாளம் கண்டு எதிர்க்க ஆர்ஆர்எஸ்1, ஆர்பிஎஸ்4 என்று இரண்டு மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. அங்கே ‘ஒருமரபணு’ என்று எழுதினால் எண்ணிக்கையே இடிக்கும்.

‘பொறை’க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ‘சகிப்பு’க்கு மட்டும் திரும்ப வேண்டாம்.