ஜெபத்தில் ஆண்டவரை ‘நீ’ என்று கூப்பிடலாமா?

காட்பாடிக்காரன்:
போன ஞாயிறு எங்கள் சபையில் வாலிபர் ஆராதனை. ஒரு பையன் மைக்கைப் பிடித்து, “இயேசப்பா, நீ வந்து என் பக்கத்துல உக்காரு” என்று ஜெபித்தான். எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. வார்டு கவுன்சிலரிடம் பேசினால்கூட ‘நீங்க’ போடுகிறோம். வானத்தையும் பூமியையும் படைத்தவருக்கு ‘நீ’யா? ‘தேவன் வானத்திலிருக்கிறார்; நீ பூமியிலிருக்கிறாய்’, பிரசங்கி 5:2. பயபக்தி போய்விட்டது என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

சத்துவாச்சாரி வாலிபன்:
ஐயா, அந்த வசனத்தின் மிச்சத்தையும் போடுங்கள். ‘ஆதலால் உன் வார்த்தைகள் சுருக்கமாயிருப்பதாக.’ பையன் ஒரே வரியில் முடித்துவிட்டான்! பெரியவர்கள் ஜெபிக்கும்போது நான் கடிகாரம் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், எபிரெயத்தில் ‘நீ’, ‘நீர்’ என்ற பிரிவே இல்லை. மோசே கர்த்தரிடம் பேசும்போதும், கர்த்தர் மோசேயிடம் பேசும்போதும் ஒரே ‘அத்தா’தான். கிரேக்கத்திலும் அப்படியே. ‘நீர்’, ‘தேவரீர்’ எல்லாம் தமிழில் மொழிபெயர்த்தவர்கள் போட்டது. ‘அப்பா பிதாவே’ என்று கூப்பிடச் சொல்கிறது ரோமர் 8:15. நான் வீட்டில் அப்பாவை ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறேன். அவருக்கு ஒரு குறையும் இல்லை.

காட்பாடிக்காரன்:
தம்பி, எபிரெயத்தில் அந்தச் சொல் இல்லை, சரி. தமிழில் இருக்கிறதே! இல்லாதவன் கொடுக்காமல் இருப்பதும், இருக்கிறவன் கொடுக்காமல் இருப்பதும் ஒன்றா? அந்த யூதர்களே கர்த்தருடைய பெயரை வாயால் சொல்ல அஞ்சி, அது வரும் இடத்தில் ‘அதோனாய்’, அதாவது ஆண்டவர், என்று வாசித்தார்கள். ‘அப்பா’ என்று கெத்செமனேயில் கூப்பிட்ட இயேசுவும் முகங்குப்புற விழுந்துதான் ஜெபித்தார். உன் பையன் காலை ஆட்டிக்கொண்டு நின்றான்.

நெல்லை மருமகள்:
நான் திருநெல்வேலிப் பக்கம், வாக்கப்பட்டது தோட்டப்பாளையத்தில். எங்கள் ஊரில் பக்கத்து வீட்டு மாமாவையே ‘நீரு எப்ப வந்தீரு?’ என்று கேட்போம். வேலூர் வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே ‘நீர்’ பைபிளுக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று. உங்களுக்கு நடுங்க வைக்கிற சொல், எனக்குத் திண்ணைப் பேச்சு! இதை வைத்தா பக்தியை அளப்பது?

சத்துவாச்சாரி வாலிபன்:
அக்கா 👏 இன்னொன்று. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரைப் பார்க்கப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றுகிறார்கள். அதே கோட்டையில், 1846-ல் கட்டிய புனித யோவான் ஆலயத்துக்குள் நான் ஷூவோடுதான் போயிருக்கிறேன். ‘உன் கால்களிலிருக்கிற பாதரட்சையைக் கழற்றிப்போடு’ என்று முட்செடியண்டை மோசேயிடம் சொன்னது நம் ஆண்டவர்தானே? அதற்கு ஏன் யாரும் திரி தொடங்கவில்லை?

காட்பாடிக்காரன்:
எங்கள் கிராமத்து ஆலயத்தில் இன்றும் வாசலில்தான் விடுகிறோம். ஷூ போட்ட டவுன்காரர்களைக் கேள்.

மார்க்கெட் தராசு:
நேதாஜி மார்க்கெட்டில் எனக்குக் காய்கறிக் கடை. தினமும் கடை திறந்ததும் ‘தேவரீர்’ போட்டுத்தான் ஜெபம். முடித்த கையோடு, தட்டின் எடையைக் கழிக்காமலே தக்காளி நிறுப்பேன். கிலோவுக்கு 50 கிராம் எனக்கு மிச்சம். பல வருஷம் இப்படித்தான். ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது’ என்று நீதிமொழிகளில் படித்தும் இருக்கிறேன், அது பக்கத்துக் கடைக்காரனுக்கு என்று நினைத்துக்கொண்டு. ஒருநாள் பூ விற்கிற அம்மா, வாங்கின அரைக் கிலோவை வேறு கடையில் நிறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பையைத் தட்டில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் அவரிடம் ‘நீங்க’ என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

காட்பாடிக்காரன்:
மனம் திறந்து எழுதியதற்கு வணக்கம், அண்ணே. ஆனால் தராசும் சரியாக இருக்கட்டும், வாயும் சரியாக இருக்கட்டும். ஒன்றுக்காக இன்னொன்றை ஏன் விட வேண்டும்?

நெல்லை மருமகள்:
ஐயா, ஒன்று கேட்கட்டுமா? தனியாக ஜெபிக்கும்போதும் ‘தேவரீர்’தானா?

காட்பாடிக்காரன்:
வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் நடந்தபோது வராண்டாவில் மூன்று ராத்திரி உட்கார்ந்திருந்தேன். ‘நீ பார்த்துக்கோப்பா’ என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. ஆனால் அது பூட்டிய அறைக்குள் நடக்கிற ஜெபம் மாதிரி. மைக்கில் அல்ல.

சத்துவாச்சாரி வாலிபன்:
அவன் அம்மா போன மாதம்தான் தவறினார், ஐயா. மைக் இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது.

காட்பாடிக்காரன்:
அது எனக்குத் தெரியாது. ‘நீர்’ விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. பையன் வீடு எந்தத் தெரு?