உட்கார்ந்தே வேலை பார்க்கிறவங்க: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

திருப்பூர் பிசியோ
பனியன் கம்பெனி டெய்லர்களோட இடுப்பு வலி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நேரா விஷயத்துக்கு வரேன். சிகிச்சைக்கு வந்த டெய்லர் ஒருத்தர் ஸ்டூலை விட்டு எழுந்த பிறகும் உடம்பு உட்கார்ந்த வளைவுலயே நின்னுச்சு. தொடைல கை ஊன்றித்தான் நிமிர்ந்தார். மணிக்கணக்கா மடங்கியே இருந்ததுல இடுப்போட முன்தசை இறுகிப்போச்சு. மாத்தினது ரெண்டுதான். முட்டியை விட இடுப்பு கொஞ்சம் மேல இருக்கிற மாதிரி ஸ்டூலை உயர்த்தினோம், மிஷின் பெடலைக் கிட்ட இழுத்தோம். பெடல் தள்ளி இருந்தா கால் எட்டாம ஆள் ஸ்டூல் நுனிக்கு வந்துடுவார். அப்புறம் முதுகு சாய நல்ல நாற்காலி போட்டும் பிரயோஜனமில்லை.

சர்க்கரைக் கணக்கு
ஸ்டூல் உயரம் சரிங்க, ஆனா உட்கார்ற நேரம் குறையலையே. ஆடிட்டர் ஆபீஸ்காரர் ஒருத்தர், காலைல வாக்கிங் தவறாதவர். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்தா சர்க்கரை ஏறியே நிக்குது. சாப்பிட்ட கையோட சீட்டுக்குப் போனா சாயங்காலம்தான் எழுந்திருப்பார். கால் தசை அசைஞ்சாத்தான் ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை நல்லா இழுக்கும். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 2 நிமிஷம் மெதுவா நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறையுதுன்னு 2012ல ஆஸ்திரேலிய ஆய்வு காட்டிடுச்சு. காலைல நடந்தது மதியத்துக்குக் கணக்காகாது.

கெண்டைக்கால்
கணக்காகாதுன்னு அடிச்சுச் சொல்லாதீங்க, கேட்டுட்டு நடக்கிறதையே விட்டுடுவாங்க. 10 லட்சம் பேருக்கு மேல பார்த்து 2016ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த தொகுப்பாய்வுப்படி, தினம் 60 முதல் 75 நிமிஷம் வேகமா நடந்தா, 8 மணி நேரத்துக்கு மேல உட்கார்றதால கூடுற இறப்பு அபாயம் அனேகமா ஈடாகிடுது. டிவி முன்னாடி 5 மணி நேரம் உட்கார்றவங்களுக்கு மட்டும் அந்த அபாயம் குறையுதே தவிர, முழுசா போகலை.

அதுக்காக நாள் பூரா நிக்கவும் சொல்லாதீங்க. ஜவுளிக்கடை அக்கா ஒருத்தரோட கெண்டைக்கால்ல நரம்பு கயிறு மாதிரி முறுக்கி நின்னதைப் பார்த்தா சொல்ல வாய் வராது. கடை ஊழியருக்கு இருக்கை தரணும்னு தமிழ்நாடு 2021ல சட்டத்தைத் திருத்தினதே அதனாலதான்.

நைட் பஸ்ல போறவங்களுக்கும் ஒண்ணு. அரை மணிக்கு ஒரு தடவை குதிகாலை 20 முறை தூக்கி இறக்குங்க. கெண்டைத் தசை பிழிஞ்சாத்தான் ரத்தம் மேல ஏறும். காலுக்கு அடியில பையைத் திணிக்காதீங்க, பாதம் அசைய இடம் வேணும். டீக்கு நிறுத்தினா இறங்கி நடங்க. ஊர் போய்ச் சேர்ந்து ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, வலிச்சா எண்ணெய் போட்டு உருவி விடாதீங்க. ரத்தக்கட்டியா இருந்தா நகர்ந்து நுரையீரலுக்குப் போயிடும். அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. மூச்சு வாங்கினா 108ஐக் கூப்பிடுங்க.